போன் நுழையாத கல்யாணம்

அத்தியாயம் பதினொன்று

நிச்சயத்தன்று பெண்கள் மட்டும் இருந்த அறையில், முக்காடு இல்லாமல் மணப்பெண் ஷம்ஸா ஆடிய ஆட்டம் சூர் நகரத்துப் போன்களிலெல்லாம் சுற்றி வந்துவிட்டது. கண்ணிமைத்துத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற துண்டு வீடியோதான். ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணத்தை உலுக்க அது போதுமாக இருந்தது.

மாப்பிள்ளை மாஜித்தின் வீடு அய்ஜாவில், பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வந்த சேதி சுருக்கமானது. கல்யாணம் நடக்கும். ஆனால் பெண்கள் கூடத்துக்குள் ஒரு போன்கூட நுழையக் கூடாது. நுழைந்தது தெரிந்தால், மாப்பிள்ளையின் அம்மா நஸ்ரா பெண்ணை அழைக்காமலே பாலம் தாண்டித் திரும்பிவிடுவாள்.

வீடியோவை வெளியே விட்டது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அன்றைக்குப் போனும் கையுமாக நடு அறையில் நின்றவள் அபீர், ஷம்ஸா வீட்டின் சின்ன மருமகள். மஸ்கட்காரி. சமைத்த சோற்றைக்கூடப் படம் பிடித்து ஊருக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடுகிறவள். "நான் இல்லை" என்று அவள் சொன்னதை அவள் புருஷனே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாண நாளும் வந்துவிட்டது.

காலையில் பெரிய மருமகள் ரய்யா, சார்ஜில் போட்டிருந்த தன் பழைய வீடியோ கேமராவை எடுத்துத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். ஒரு சின்னத் திரை, ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் எடுக்கும், மறுபடி அமுக்கினால் நிறுத்தும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

கட்டிலில் உட்கார்ந்து தலைப்பாகை சுற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் கல்ஃபான் எட்டிப் பார்த்தான்.

"அது இன்னும் உயிரோட இருக்கா?"

"இருக்கு. பச்சை விளக்கு எரியுது பாருங்க."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"உங்க பொறுமை எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்."

"அப்ப பொண்ணு படியேறுறதைக்கூட எடுக்க முடியாதே" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான்.

ரய்யாவும் சிரித்தாள். ஆனால் உள்ளே கவலைதான். பேட்டரி கிழடாகிவிட்டது. முன்பு ஒரு காலத்தில், இந்தக் கரையில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண்கள் பக்கம் படம் எடுக்க ரய்யாவைத்தான் கூப்பிடுவார்கள். எடுத்து முடித்ததும் மெமரி அட்டையைக் கழற்றிப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாய் அல்வா சாப்பிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. கூப்பிடுவது நின்றது. அப்புறம் இந்த வீட்டுக்கு அபீர் வந்தாள். ஒரு குச்சியில் போனை மாட்டிக்கொண்டு அவள் எடுத்த படங்களைப் பார்த்தபோது ரய்யாவே வாயைப் பிளந்துவிட்டாள். அத்தனை அழகு. மறுநாளே கேமரா போர்வைகளுக்கு அடியில் போய்விட்டது.

இப்போது அதை வெளியே வரவழைத்தவள் நஸ்ராதான். தன் மூத்த மகள் கல்யாணத்தை ரய்யா எடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "அந்தப் பொண்ணோட டப்பா வரட்டும். அதுக்கு ஊர் வம்பு தெரியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கீழே அடுப்படியில் மாமியார் மௌஸாவின் குரல் கேட்டது. மணப்பெண்ணின் அம்மா அவள்.

"பொண்ணு தலைக்கு மேல பச்சைத் துணி பிடிக்க நீ வர வேண்டாம். நாலு மூலைக்கும் ஆள் சொல்லியாச்சு. ரய்யா ஒண்ணு, என் தங்கை ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுல ரெண்டு பேர்."

"நானும் இந்த வீட்டு மருமகள்தானே அத்தை?" என்றாள் அபீர்.

"யார் இல்லேன்னா? இன்னிக்கு ஒரு நாள் பின்னாடி காபி சட்டிகிட்ட இரு. சம்பந்தி கண்ணுல படாம இருந்தா அதுவே எனக்குப் பெரிய உதவி."

மௌஸா வெளியே போனாள். ரய்யா உள்ளே வந்தபோது அபீர் காபிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கிண்ணத்தையே திரும்பவும் கழுவினாள். அவளுடைய போன் ஜன்னல் திட்டில் அணைந்து கிடந்தது. அது அணைந்திருப்பதை ரய்யா அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நீங்களும் நான்தான்னு நினைக்கறீங்களா?"

 ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்ல ரய்யாவுக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியலை அபீர்."

அபீர் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு விசித்திரமான நிம்மதி.

"தெரியலைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கு."

பிறகு ரய்யாவின் கையிலிருந்த கேமராவைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள்.

"இந்த சோப்புக் கட்டியை வெச்சா எடுக்கப் போறீங்க? இருட்டுல இதுக்குக் கண்ணே தெரியாதே."

"உன் போனுக்குத்தான் ராத்திரியிலயும் கண்ணு தெரியும். என்ன பண்றது, அதுக்கு வாயும் இருக்கே."

அபீர் சட்டென்று சிரித்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு அந்த அடுப்படியில் சிரிப்புச் சத்தம்.

* * *

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்கள் கூடத்து வாசலில் கார்கள் வந்து நின்றன. அகில் புகையும் அத்தரும் கதவு வரைக்கும் வந்து வரவேற்றன. வாசலில் ஒரு பெரிய ஈச்சங்கூடை. வருகிற ஒவ்வொருத்தியும் தன் போனைத் துணிப்பையில் போட்டு, பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, கூடையில் வைக்க வேண்டும். ரய்யா கூடைக்குப் பக்கத்தில் நின்றாள்.

முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "என் குழந்தை வீட்டுல காய்ச்சலோட இருக்கு" என்றாள் ஒருத்தி. "கூடத்து ஆபீஸ் நம்பரைக் கொடுத்துட்டு வாங்க, கூப்பிட்டா நானே வந்து சொல்றேன்" என்றாள் ரய்யா. இன்னொருத்தி சைலண்ட்டில் வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தாள். அவளும் கடைசியில் வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதுதான் சிக்கல். முன்னால் நஸ்ரா. உயரமான, ஒடிசலான பெண். கணவர் கப்பலோட்டி, நகுதா. அவர் இறந்த பிறகு அய்ஜாவில் அவள் சொல்தான் அந்தக் குடும்பத்தில் சட்டம். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தங்கை இப்திசாம், கல்லூரியில் படிக்கிற பெண். அவள் கூடையைப் பார்க்காதவள் மாதிரி உள்ளே நடந்தாள்.

"இப்திசாம், போன்" என்றாள் ரய்யா.

"நான் மாப்பிள்ளையோட தங்கச்சி."

"தெரியும்மா. மாப்பிள்ளையே வந்தாலும் இந்தக் கூடைதான்."

"எங்க வீட்டுக்காரங்களுக்குமா? தப்பு பண்ணினது உங்க பக்கம்."

பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மௌஸா உள்ளேயிருந்து ஓடி வந்து ரய்யாவின் கையைக் கிள்ளினாள். விட்டுவிடு என்று அர்த்தம். ரய்யா கூடையை விட்டு நகரவில்லை. விட்டால் அடுத்து வருகிறவள் கேட்பாள், அதற்கடுத்தவளும் கேட்பாள். அரை மணியில் கூடை காலியாகிவிடும்.

அவள் இப்திசாமை விட்டுவிட்டு நஸ்ராவிடம் திரும்பினாள்.

"மாமி, சட்டம் நீங்க போட்டது. காவலுக்குத்தான் நான் நிக்கறேன். உங்க வீட்டுக்கு வேற சட்டம்னா சொல்லுங்க, நான் கூடையை எடுத்து உள்ளே வெச்சிடறேன்."

நஸ்ரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்து, பொத்தான் வைத்த ஒரு பழைய போனை எடுத்துக் கூடையில் போட்டாள். மகள் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினாள். இப்திசாமின் முகம் வெளுத்தது. போனைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"உன் காவல் நல்ல காவல்" என்றாள் நஸ்ரா. மௌஸாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

* * *

ரய்யா கூடத்துக்குள் நுழைந்தபோது அங்கே இருட்டாக இருந்தது.

தெருவிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கனத்த திரைகளை இழுத்து விட்டிருந்தார்கள். மேலே நீலமும் ஊதாவுமாக விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. அவள் கேமராவைத் திறந்து பார்த்தாள். சின்னத் திரையில் எல்லோரும் நிழலாக, புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். ஷம்ஸா உட்காரப் போகிற ஆசனம் கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருந்தது.

காபிச் சட்டிக்குப் பக்கத்தில் நின்ற அபீர் தூரத்திலிருந்தே அதைக் கவனித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். அப்புறம் பொறுக்க முடியவில்லை. ஒரு தட்டில் கிண்ணங்களை அடுக்கி, உபசரிக்க வருகிறவள் மாதிரி ரய்யாவிடம் வந்தாள்.

"அக்கா, அந்த நீல விளக்கை அணைக்கச் சொல்லுங்க. மேற்கு ஜன்னல் திரையைத் திறங்க."

"திரையைத் திறந்தா தெருவுல இருக்கறவன் பார்க்க மாட்டானா?"

"அது எங்க இருக்குன்னு பாருங்க. கூரைக்குப் பக்கத்துல. வெளியிலேர்ந்து வானம்தான் எட்டிப் பார்க்கும்."

ரய்யா நிமிர்ந்து பார்த்தாள். உண்மைதான். ரய்யா சொன்னதும் கூடத்துப் பணிப்பெண் நீல விளக்கை அணைத்து, நீளமான கொக்கியால் திரையை இழுத்தாள். சாயங்கால வெயில் பாய்போல நீண்டு, நேராக ஆசனத்தின் மேல் வந்து விழுந்தது. கூடம் மொத்தமும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தது.

கேமராத் திரையில் இப்போது ஆசனம் பொன்னாகத் தெரிந்தது. ரய்யா திரும்பினாள். அபீர் அதற்குள் காபிச் சட்டிக்குப் போய்விட்டாள்.

மேளம் தட்டும் பெண்கள் தொடங்கினார்கள். ஷம்ஸாவைப் பச்சை உடையில், கை நிறைய மருதாணியோடு அழைத்து வந்து ஆசனத்தில் அமர்த்தினார்கள். ரய்யா சிக்கனமாக எடுத்தாள். வாசலில் வரும்போது கொஞ்சம், உட்காரும்போது கொஞ்சம். இடையில் அணைத்துவிட்டு பேட்டரிக் குறியைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. இன்னும் பச்சைத் துணி வரவில்லை, ஆட்டம் வரவில்லை.

"துணி பிடிக்க வாங்க" என்று மௌஸா கூப்பிட்டாள்.

அப்போதுதான் ரய்யாவுக்கு உறைத்தது. பச்சைத் துணியின் ஒரு மூலை அவள் கையில் இருக்க வேண்டும். பெண்ணின் தலைக்கு மேல் நாலு பேர் துணியைப் பிடித்து, நபி புகழ் பாடி, ஏற்றி இறக்க வேண்டும். அந்தக் கல்யாணத்துக்கே அதுதான் உயிர். அதைப் படம் எடுக்காவிட்டால் வேறு எதை எடுத்து என்ன? இரண்டு கையாலும் துணியைப் பிடித்தால் கேமராவை யார் பிடிப்பது?

காலையிலிருந்து இதை யாரும் யோசிக்கவில்லை. மௌஸாவும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

ரய்யா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சித்திமார், அத்தைமார், பக்கத்து வீட்டார். யாராவது பொத்தானை அமுக்கிவிடுவார்கள்தான். ஆனால் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவள் அந்தக் கூடத்தில் ஒருத்திதான்.

அவள் நேராகக் காபிச் சட்டிக்குப் போனாள். அபீரின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். கேமராவை அவள் கையில் வைத்தாள்.

"சிவப்பை அமுக்கினா எடுக்கும். பாதிதான் சார்ஜ் இருக்கு. பார்த்து எடு."

"அக்கா, வேண்டாம்."

"எனக்குக் கை ரெண்டுதான் இருக்கு."

மேளம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது. நஸ்ரா ஆசனத்துக்குப் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"யார் கையில கொடுக்கறே?"

"எங்க வீட்டுச் சின்ன மருமகள் கையில மாமி."

"அந்தக் கைதானே ஊரெல்லாம் பரப்பிச்சு?"

அபீர் கேமராவைத் திருப்பி நீட்டினாள்.  ரய்யா வாங்கவில்லை.

"பரப்பினது யாருன்னு எனக்குத் தெரியாது மாமி. உங்களுக்கும் தெரியாது. இந்தக் கேமரா எதையும் அனுப்பாதுன்னு மட்டும் நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். எடுக்கறது எல்லாம் இந்தச் சின்ன அட்டையில இருக்கும். கூடத்தை விட்டு அது வெளியே போறதுக்கு முன்னாடி நீங்களே பாருங்க. ஒரு அசைவு தப்பா இருந்தாலும் உங்க கையாலயே உடைச்சுப் போடுங்க."

மௌஸா வாயில் கை வைத்தாள். கல்யாணத்துக்கு இருக்கிற ஒரே படம் அது. நஸ்ரா கேமராவையும் அபீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது பச்சை முக்காட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அபீர் அண்ணியே எடுக்கட்டும்."

ஆசனத்தில் உட்கார்ந்த பெண் வாயைத் திறப்பது அந்தக் கூடம் கேள்விப்படாத சங்கதி.  மேளக்காரப் பெண்களில் மூத்தவள் "பொண்ணு பேசிடுச்சு, மாஜித் அம்மா. இனி மாப்பிள்ளை பாடு அதோகதிதான்" என்றாள். கூடம் சிரித்தது. நஸ்ராவின் உதட்டோரமும் ஒரு நொடி அசைந்தது.

"சரி. ஆனா நான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுத் துணியின் மூலையைப் பிடித்தாள்.

* * *

துணி ஏறியது, இறங்கியது. பாட்டு கூடத்தை நிறைத்தது. ரய்யாவின் கை துணியில் இருந்தது, கண் அபீர் மேல் இருந்தது.

அபீர் எல்லோரையும்போல் எதிரில் போய் நிற்கவில்லை. ஆசனத்தின் பக்கவாட்டில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். துணி ஏறும்போது வெயில் அதற்குள் புகுந்து ஷம்ஸாவின் முகத்தில் பச்சை நிழல் விழுந்தது. அபீர் கேமராவை அசைக்கவில்லை. குச்சியும் இல்லை, தொட்டுத் தொட்டுப் பார்க்கும் விரலும் இல்லை, நடுவில் ஒரு மணியோசையும் இல்லை. அந்தச் சின்னத் திரைக்குள் அவள் முழுசாக இறங்கிவிட்டாள்.

பிறகு ஆட்டம்.

முதலில் எல்லோரும் வழக்கப்படி கையை உயர்த்தினார்கள். உயர்த்திய கையில் போன் இல்லை. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டினார்கள். தட்டத் தட்ட மேளம் சூடு பிடித்தது. எப்போதும் நாற்காலியைவிட்டு எழாத பெண்கள் எழுந்தார்கள். யாரும் படம் பிடிக்கவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் அவர்கள் உடம்புக்குப் புரிந்தது. புரிந்ததும் தோள்கள் தளர்ந்தன. முக்காடுகள் நாற்காலி முதுகுகளுக்குப் போயின. கர்ப்பிணி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டே சுற்றினாள்.

மேளக்காரி பாட்டை மாற்றினாள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மரக்கலங்கள் திரும்பும்போது அய்ஜாப் பெண்கள் கரையில் நின்று பாடுகிற பாட்டு.

நஸ்ரா எழுந்தாள்.

கணவர் போன பிறகு அவள் ஆடி யாரும் பார்த்ததில்லை. அவள் நடு இடத்துக்கு வந்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் விலகி வழி விட்டார்கள். கண்ணை மூடி, உடையின் நீண்ட ஓரத்தைக் கையில் பிடித்து, அலை வந்து திரும்புவதுபோல் அசைந்தாள். மௌஸா தயங்கித் தயங்கி எதிரில் போய் நின்றாள். சம்பந்திகள் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஆடினார்கள். இப்திசாம் சுவரோரம் நின்று அம்மாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரய்யா அபீரைத் தேடினாள். கூட்டத்துக்கு நடுவில், முழங்கை இடுப்பில் ஒட்ட, கேமராவோடு அவள் நின்றிருந்தாள். அந்தப் பாட்டு முடிந்தபோது அவள் நிமிர்ந்து ரய்யாவைப் பார்த்துத் தலையாட்டினாள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பேட்டரி தன் கடமையை முடித்துவிட்டது.

* * *

அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு, பெண்ணை அழைத்துப்போக வண்டிகள் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில், நஸ்ரா சொன்ன சொல்லை மறக்கவில்லை.

"எடுத்ததைப் போடு, பார்க்கணும்."

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய டிவி இருந்தது. ரய்யா கேமராவைச் சார்ஜரில் மாட்டி, வயரை டிவியில் செருகினாள். அபீர் எல்லோருக்கும் பின்னால் தூணோடு தூணாக நின்றாள். மௌஸா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ரய்யா எடுத்தது முதலில் வந்தது. வாசல், ஆசனம். ஒழுங்காக இருந்தது, அவ்வளவுதான். பெண்கள் தங்களை அடையாளம் கண்டு கையைக் காட்டிச் சிரித்தார்கள்.

பிறகு பச்சைத் துணி.

சிரிப்பு அடங்கியது. துணி மேலே போகும்போது அதற்குள் வெயில் நிறைந்தது. ஷம்ஸாவின் கண் மூடியிருந்தது. ஒரு துளி நீர் இமையில் நின்று, துணி இறங்கும்போது உருண்டது. துணியின் நான்கு மூலைகளிலும் எட்டுக் கைகள் தெரிந்தன. மருதாணிக் கை, வளையல் கை, நரம்பு புடைத்த கை. நஸ்ராவின் கை எது, மௌஸாவின் தங்கை கை எது என்று பிரிக்க முடியவில்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள் யாரோ.

அடுத்து ஆட்டம். நஸ்ராவின் முகம் இறுகியது. ரய்யாவுக்குக் காரணம் தெரியும். அந்தப் பாட்டின் நடுவில் நஸ்ராவின் முக்காடு நழுவியதை ரய்யா தன் கண்ணால் பார்த்திருந்தாள். நரைத்த கூந்தல் முதுகில் அவிழ்ந்து விழுந்ததையும் பார்த்திருந்தாள். ஆட்டம் முடியும்வரை நஸ்ராவுக்கே அது தெரியவில்லை.

திரையில் நஸ்ரா ஆடினாள். முக்காடு தோளைத் தொட்டது. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

படம் மெதுவாகக் கீழே இறங்கியது. உடையின் நீண்ட ஓரம் தரையை வருடிக்கொண்டு போனது. வெள்ளிக் கொலுசு போட்ட கால் ஒன்று முன்னால் வந்தது, பின்னால் போனது. மௌஸாவின் கால் அதற்கு எதிராக வந்தது. நான்கு கால்களும் மேளத்துக்கு மேளம் பதில் சொல்லின. பாட்டு முடியும்வரை படம் மேலே ஏறவே இல்லை. அவிழ்ந்த கூந்தலில் ஒரு இழைகூடத் திரையில் இல்லை.

படம் முடிந்தது. 

நஸ்ரா எழுந்து தூணுக்குப் போனாள். அபீர் பின்வாங்க இடமில்லாமல் நின்றாள்.

"என் முக்காடு நழுவினதை நீ பார்த்தியா?"

"பார்த்தேன் மாமி."

"அப்ப ஏன் காலை எடுத்தே?"

"உங்க ஆட்டத்தை விட மனசு வரலை. உங்க முடியை எடுக்க எனக்கு உரிமை இல்லை. அதான் காலை எடுத்தேன்."

நஸ்ரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாத முகம் அது.

"நாளைக்கு எங்க வீட்டுல விருந்து" என்றாள் கடைசியில். "நீதான் எடுக்கணும். இந்த டப்பாவுல."

பிறகு ரய்யாவிடம் கையை நீட்டினாள். ரய்யா அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். நகத்தளவு சாமான். மௌஸா இன்னும் பயந்துகொண்டுதான் இருந்தாள். நஸ்ரா அதை எடுத்துப் போய் ஷம்ஸாவின் மருதாணிக் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"உன் கல்யாணம் இது. யாருக்குக் காட்டணும், யாருக்குக் காட்டக் கூடாதுன்னு நீதான் சொல்லணும். நானும் சொல்ல முடியாது, என் மகனும் சொல்ல முடியாது."

மேளக்காரி ஒரு தட்டுத் தட்டினாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் கூடம் முழுவதும் குலவையிட்டது. மௌஸா இரண்டு கையாலும் அபீரின் முகத்தைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். "காபி சட்டிகிட்ட நிக்கச் சொன்னேனே பாவி நான்" என்று அழுதாள். அபீரும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரய்யாவிடம் வந்தாள்.

"அக்கா, உங்க சோப்புக் கட்டியைக் கிண்டல் பண்ணினேன் இல்ல?"

"பண்ணினே."

"இன்னும் பண்ணுவேன். பேட்டரி ரொம்ப மோசம்."

"புதுசு ஒண்ணு வாங்கிக் கொடு. கிண்டல் பண்ண உரிமை தர்றேன்."

வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. பெண்ணின் வண்டியில் ஷம்ஸாவுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று இரண்டு வீட்டுச் சித்திகளும் வாதாட ஆரம்பிப்பதற்குள், ஷம்ஸா அபீரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். காலையில் சம்பந்தி கண்ணில் படக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவள், மாலையில் மணப்பெண்ணின் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ரய்யா படிகளில் நின்று அதைப் பார்த்தாள். கால் வலித்தது. காலையிலிருந்து ஒரு கிண்ணம் காபிகூட நிம்மதியாகக் குடிக்கவில்லை. ஆனாலும் மனசு நிறைந்து, துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். இப்திசாம்.

"அக்கா, அந்த வீடியோ. நிச்சயத்தன்னிக்கு எடுத்தது." கீழே வண்டியருகில் நின்ற அம்மாவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "அது அபீர் அண்ணி எடுத்தது இல்லை. நான் எடுத்தது."

ரய்யா அவள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன் கட்டிக்கப் போற பொண்ணு எவ்வளவு அழகா ஆடுறா பாருன்னு சலாலாவுல இருக்கற என் தோழிக்கு அனுப்பினேன். அவளுக்கு மட்டும்தான். அவ வேற யாருக்கோ அனுப்பிட்டா. நான் அழிக்கறதுக்குள்ள ஊர் பார்த்துடுச்சு. அம்மாவுக்குத் தெரிஞ்சா என் படிப்பே நின்னுடும்."

"இத்தனை நாள் அவ அழுததைப் பார்த்துட்டு இருந்தியா?"

"பார்க்கலை. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

கோபம் வந்தது ரய்யாவுக்கு. அந்தப் பெண்ணின் வெளுத்த முகத்தைப் பார்த்தபோது, அந்தக் கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க வீட்டு விருந்துக்கு நாங்க எல்லாரும் வர்றோம். அபீர் தலை நிமிர்ந்துதான் உள்ளே வரணும். நீ சொன்னா உனக்குப் பக்கத்துல நான் நிப்பேன். நீ சொல்லலைன்னா எதிர்ல நிப்பேன்."

இப்திசாம் பதில் சொல்வதற்குள் கீழே வண்டியருகிலிருந்து நஸ்ராவின் குரல் வந்தது.

"இப்திசாம், அங்க என்ன ரகசியம்? வண்டி கிளம்பப் போகுது."

அந்தப் பெண் ரய்யாவின் கையை இறுகப் பற்றினாள்.  பிறகு கையை விட்டாள். படிகளில் இறங்கி, அம்மாவை நோக்கி நடந்தாள்.

"அம்மா, வண்டி ஒரு நிமிஷம் நிக்கட்டும்" என்றாள். "அபீர் அண்ணியை இறங்கி வரச் சொல்லு. நான் பேசணும்."